ஆம்ப்ரோஸ் அண்ணனின் கழுதைக் கதை

வில்லோபி, ஒஹாயோ
18 செப்டம்பர் 1984

அன்புள்ள ஒடெசா அக்காவுக்கு,

நான் நலம். நீயும் கிளெமென்ட் அத்தானும் நலந்தானே? அத்தானின் முதுகுவலி குறைந்ததா? கிளம்பி இரண்டு வாரமாகிறது, ஒரு போன் கூடச் செய்யவில்லை என்று முறைத்துக்கொண்டிருப்பாய். நம் இரண்டு பேரையும் போனில் விட்டால் யார் முதலில் மூச்சு விடுவது என்று பந்தயம்தான் நடக்கும். கடிதம் என்றால் நீ குறுக்கே பேச முடியாது. அதனால் எழுதுகிறேன்.

ஊர் ஊராகப் போகும் இந்தக் கதைசொல்லும் விழாவில் எல்லாம் பெரிய பெரிய கூடாரம். வரிசையாக நாற்காலி. வருகிறவர்கள் அநேகமாக எல்லோரும் வெள்ளைக்காரர்கள். நல்ல மனிதர்கள்தான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் அக்கா, என்ன அமைதி! சாவு வீட்டில் கூட நம் கறுப்பு ஆட்கள் இவ்வளவு அமைதியாக உட்கார மாட்டார்கள். முதல் நாள் மேடையேறி, வழக்கம்போல "கேக்குறீங்களா?" என்று கூப்பிட்டேன். யாரோ ஒருவர் இருமினார். முன்வரிசையில் ஓர் அம்மாள் மரியாதையாகத் தலையாட்டினாள். அவ்வளவுதான். பதில் வராமல் எனக்குக் கதை சொல்லத் தெரியாது என்பது எனக்கே அன்றைக்குத்தான் தெரிந்தது. சுவரில் பந்தை எறிந்தால் சுவராவது திருப்பித் தரும்.

விழாவை நடத்துகிற விட்லாக் என்பவர் நிகழ்ச்சி முடிந்ததும் வந்தார். "மிஸ் டிப்ஸ், நல்லாத்தான் இருக்கு. ஆனா ரொம்பப் படிச்சவங்க பேசுற மாதிரி இருக்கு. உங்க ஊர்ப் பெரியவங்க பேசுவாங்க இல்ல, அந்த மண்வாசனை வேணும்" என்றார். கையில் ஒரு பூப்போட்ட தலைத்துணி வேறு. "ஐயா, எங்க ஊர் இரும்பு ஊர். எங்க பெரியவங்க தலையில ஹெல்மெட்தான் போடுவாங்க" என்றேன். அவர் அதையும் ஒரு கதை என்று நினைத்துச் சிரித்தார்.

சனிக்கிழமைக் கதைக் கூட்டம் எப்படி நடக்கிறது? சபையின் கீழ்த்தளத்தில் கொதிகலனைப் பழுது பார்த்தார்களா? ஆம்ப்ரோஸ் அண்ணன் வருகிறாரா? அவர் விஷயத்தில் அவசரப்படாதே, அக்கா. பதினான்கு வயதில் அலபாமாவிலிருந்து கேரிக்கு வந்து பள்ளிக்கூடத்தில் எழுந்து நின்று பாடம் படித்தபோது, அந்த இழுவைப் பேச்சைக் கேட்டு வகுப்பே சிரித்ததாம். அன்றோடு நாலு பேர் முன்னால் வாய் திறப்பதை விட்டவர். ஒரு வருடமாக நாற்காலி அடுக்குவதற்கென்று மட்டும் வந்தவர், நான் கிளம்புகிற வேளையில் என்னைத் தனியாக உட்காரவைத்து அவருடைய அப்பாவின் கழுதைக் கதையைச் சொன்னாரே, அதை நினைத்தால் எனக்கு இன்னும் பெருமையாக இருக்கிறது. அதை எல்லோர் முன்னாலும் சொல்லவை. நீ கேட்டால் சொல்வார்.

என்றும் உன்,
மார்வெல்லா

*

கேரி, இண்டியானா
29 செப்டம்பர் 1984

என் கண்ணு மார்வெல்லாவுக்கு,

உன் கடிதம் வந்தது. கர்த்தர் கிருபையால் எல்லோரும் சுகம். உன் அத்தானின் முதுகு, வேலை இருக்கும்போது வலித்தது. இப்போது வேலை இல்லாததால் வலிக்கிறதாம். அவரைப் பேசவிட்டால் அந்த இரும்பு மில்லையே அவர் முதுகுதான் தாங்கிக்கொண்டிருந்தது என்பார். சாப்பிடுகிறாயா? ஓட்டல் சாப்பாட்டில் உப்பு இருக்காது என்று எனக்குத் தெரியும். பள்ளிக்கூடச் சமையலில் இருபது வருடம் நின்றவள் சொல்கிறேன், வெந்த பீன்ஸை நம்பாதே.

சேதிக்கு வருகிறேன். கீழ்த்தளத்திலிருந்து இப்போதுதான் வீட்டுக்கு வந்தேன், கோட்டைக்கூடக் கழற்றவில்லை. ஆம்ப்ரோஸ் அண்ணன் இன்றைக்குப் பேசினார்!

நான் ஒன்றும் கேட்கவில்லை. நாற்காலிகளைப் போட்டுவிட்டு அவர் வழக்கம்போலச் சுவரோரம் போகவில்லை. காலை இழுத்துக்கொண்டே நடுவில் வந்து நின்றார். முழங்காலைத் தடவிக்கொண்டே, "அது வந்து... அது வந்து... கேக்குறீங்களா?" என்றார்.

"கேக்குறோம் அண்ணே!" என்று கூரை இடிகிற மாதிரி சத்தம்.

"நேரம் இருக்கா?"

"மில்லுதான் மூடிட்டானே, நேரத்துக்கென்ன பஞ்சம்!" என்றான் பார்னெல்.

அப்புறம் சொன்னார், அந்த இழுவையோடு, ஒவ்வொரு வார்த்தைக்கும் நாற்காலி போட்டு உட்காரவைக்கிற மாதிரி. அவர் அப்பா ஐஷாம் பெட்வே வண்டியில் பருத்தி ஏற்றிப் போகிறார். பாலத்தின் நடுவில் கோவேறு கழுதை நின்றுவிட்டது. பின்னால் வெள்ளைக்கார நிலக்காரன் காரில் ஹாரன் அடிக்கிறான். அப்பா இறங்கிப் போய்க் கழுதையின் காதில் ஏதோ சொல்கிறார்.

"டேய், அதுங்கிட்ட என்னடா சொன்ன?" என்கிறான் நிலக்காரன்.

"'பின்னால ஐயா அவசரமா நிக்கிறாரு'ன்னு சொன்னேங்க."

"அது என்ன சொல்லுது?"

"'அவருக்கு அவசரம்னா அவரே வந்து இழுக்கட்டும்'னு சொல்லுதுங்க. நான் சொல்லல ஐயா. கழுதை சொல்லுது."

நிலக்காரன் பாலம் முழுக்கக் காரைப் பின்பக்கமாகவே ஓட்டித் திரும்பிப் போனானாம். அப்பா தலையில் தொப்பி அசையாமல் நின்று பார்த்தாராம். கூட்டம் சிரித்த சிரிப்பு! ரீட்டா அம்மாள் கைப்பையால் பக்கத்தில் இருந்தவனை அடிக்கிறாள். "பொய் சொல்லாத அண்ணே!" என்று ஒருத்தன். "எங்கப்பா மேல சத்தியமா!" என்றார் அவர். அவர் முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும், கண்ணு. ஐம்பத்தெட்டு வயது மனிதர், பள்ளிப் பரிசு வாங்கின பிள்ளை மாதிரி நின்றார்.

முடிந்ததும் என்னிடம், "மார்வெல்லா பொண்ணுதான் என் வாயத் தொறந்துச்சு. அதுக்கு எழுதுங்க" என்றார். எழுதிவிட்டேன்.

இங்கே ஒரு ரகசியம் வெந்துகொண்டிருக்கிறது. கேட்காதே, சொல்ல மாட்டேன்.

அன்புடன்,
ஒடெசா அக்கா

*

இண்டியானாபொலிஸ்
14 அக்டோபர் 1984, ஞாயிறு

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தை மூன்று ஊர் தாண்டி என்னிடம் கொண்டு வந்து சேர்த்தார்கள். ஆம்ப்ரோஸ் அண்ணன் பேசினாரா! சந்தோஷம். ரொம்பச் சந்தோஷம்.

நேற்று இங்கே பெரிய மண்டபம். கூடாரமெல்லாம் போய்விட்டது, அக்கா. என் பெயரைச் சுவரொட்டியில் மேலே போட்டிருக்கிறார்கள். இப்போது கூட்டம் சிரிக்கிறது. ஒரு புதுக் கதை சேர்த்தேன், அதிலிருந்துதான் எல்லாம் மாறியது. அதை நேரில் சொல்கிறேன். தலையில் துணியும் கட்டிக்கொள்கிறேன். ஏன் என்று கேட்காதே, சளிக்காக என்று வைத்துக்கொள்.

ஆனால் எழுத உட்கார்ந்தது அதற்கல்ல. நேற்று நான் மேடையேறி "கேக்குறீங்களா?" என்று கூப்பிட்டேன். பதில் வராது என்று பழகிப்போய் அடுத்த வார்த்தைக்கு வாய் திறந்துவிட்டேன். பின்வரிசையின் இருட்டிலிருந்து ஒரு குரல் கணீரென்று வந்தது: "கேக்குறோம் தாயி, சொல்லு!"

அக்கா, எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. இத்தனை ஊரில் முதல் பதில்! விளக்கு கண்ணில் அடித்ததால் யாரென்று தெரியவில்லை. நம் ஆள் யாரோ, அரங்கத்தைக் கூட்டிப் பெருக்குகிறவராக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். அந்த ஒரு குரலுக்காகவே நேற்று பறந்தேன். கடைசியில் எல்லோரும் எழுந்து நின்று கை தட்டினார்கள். முடிந்ததும் ஓடிப்போய்த் தேடினேன். பின்வரிசை காலி.

யாராக இருந்தாலும் கர்த்தர் அவரை ஆசீர்வதிக்கட்டும்.

உன்,
மார்வெல்லா

*

கேரி
15 அக்டோபர் 1984

மார்வெல்லாவுக்கு,

சனிக்கிழமை நாங்கள் வந்திருந்தோம்.

அதுதான் ரகசியம். சபையின் பஸ்ஸை வாங்கிக்கொண்டு வந்தோம். ரீட்டா அம்மாள் கோழி பொரித்திருந்தாள். நான் பவுண்ட் கேக் செய்திருந்தேன். ஆம்ப்ரோஸ் அண்ணன் மனைவியை அடக்கம் செய்த அன்றைக்குப் பிறகு போடாத சூட்டைப் போட்டுக்கொண்டு வந்தார். வழியில் டயர் போனதால் தாமதமாகித்தான் பின்வரிசை கிடைத்தது. நீ கூப்பிட்டபோது பதில் சொன்னது அவர்தான்.

அதற்கு அடுத்த கதை எது என்று உனக்குத் தெரியும்.

நீ காலை இழுத்துக்கொண்டு நடந்தாய். முழங்காலைத் தடவினாய். "அது வந்து... அது வந்து" என்றாய், ஜனங்கள் சிரித்து முடிக்கும்வரை காத்திருந்து மறுபடியும் சொன்னாய். நான் முன்னாலிருந்த நாற்காலியின் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் பக்கம் திரும்ப எனக்குத் தைரியம் இல்லை. பார்னெல் எழுந்து வெளியே போய்விட்டான்.

உன்னைப் பார்க்காமலே கிளம்பினோம். பஸ்ஸில் ரொம்ப தூரம் வந்தபிறகு அவர் மட்டும் ஒன்று சொன்னார்: "அந்தப் பொண்ணு என்னைய நல்லாக் கவனிச்சிருக்கு."

கேக் அப்படியே திரும்பி வந்தது.

ஒடெசா

*

மன்ரோ, கென்டக்கி
22 அக்டோபர் 1984

அக்கா,

என் கடிதமும் உன்னுடையதும் வழியில் ஒன்றையொன்று தாண்டிப் போயிருக்கின்றன. கூட்டிப் பெருக்குகிறவர் என்று எழுதினேனே. அந்த வரியை நீ படித்திருப்பாய் என்று நினைக்கும்போது முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை.

நீ படித்துக் கிழித்துப் போட்டாலும் சரி, எப்படி நடந்தது என்று சொல்லிவிடுகிறேன். நான்காவது வாரம் ஓர் ஊரில் ஒருவரும் அசையவில்லை. பாதிக் கதையில் எனக்கு வார்த்தை மறந்தது. அந்தத் தடுமாற்றத்தில் என்னையறியாமல் "அது வந்து..." என்று இழுத்தேன், அவரைப் போலவே. யாரோ சிரித்தார்கள். குளிரில் நடுங்குகிறவளுக்கு வெந்நீர் ஊற்றியது மாதிரி இருந்தது, அக்கா. இன்னொரு முறை இழுத்தேன். பிறகு காலும் சேர்ந்துகொண்டது. மறுநாள் கழுதையும் வந்துவிட்டது. விட்லாக் கையைப் பிடித்துக் குலுக்கி, "இதத்தான் நான் கேட்டேன்" என்றார். அது எனக்குப் பாராட்டாகப் பட்டது. அன்றைக்கே தெரியும், நான் செய்வது இன்னதென்று. தெரியாமல் செய்தேன் என்று உன்னிடம் சொல்ல மாட்டேன்.

ஆனால் ஒன்று கேட்கிறேன், கோபப்படாதே. ஜூலை மாதம் உன் சமையலறையில் நான் ஆம்ப்ரோஸ் அண்ணன் மாதிரி நடந்து காட்டியபோது நீயும் சிரித்தாய். மேசையைத் தட்டிச் சிரித்தாய். "இன்னொரு தரம் செய்டீ" என்றாய்.

அவருக்குத் தனியாக ஒரு கடிதம் எழுதியிருக்கிறேன். பதில் வரவில்லை. உன் வீட்டுக்கு மூன்று முறை போன் செய்தேன். யாரோ எடுத்து வைத்துவிடுகிறார்கள்.

மார்வெல்லா

*

கேரி
30 அக்டோபர் 1984

மார்வெல்லாவுக்கு,

போனை எடுத்து வைத்தது நான்தான். உன் குரல் கேட்டால் நான் இளகிவிடுவேன். குரலில் நீ கெட்டிக்காரி, அழுகையைக்கூட அழகாக அழுவாய். எழுது. எழுத்தில்தான் உன்னை எனக்கு நம்ப முடிகிறது.

நீ கேட்டதற்குப் பதில்: ஆமாம், சிரித்தேன். வீட்டுக்குள் நமக்குள் சிரித்தது வேறு, டிக்கெட் வாங்கி வந்தவர்கள் முன்னால் சிரிக்கவைத்தது வேறு என்று எழுத இரண்டு நாள் பேனாவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். வேறுதான். ஆனாலும் அவர் என் சமையலறைக்குக் காலையில் காபி குடிக்க வரும்போது அந்த மேசையில்தான் உட்காருவார். இப்போது அந்த மேசையைத் துடைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு சுடுகிறது. உன்னைத் திட்டுகிற உரிமையில் பாதியை நான் அன்றே இழந்துவிட்டேன். மீதிப் பாதியை வைத்துத் திட்டுகிறேன்.

போன ஞாயிறு சபை முடிந்து அவர் வீட்டுக்குப் போனேன். பின்பக்கத் தோட்டத்தில் காலர்ட் கீரை பறித்துக்கொண்டிருந்தார். எனக்கும் ஒரு கட்டுக் கொடுத்தார். நான் எப்படிப் பேச்செடுப்பது என்று முழித்துக்கொண்டிருந்தேன். அவரே எடுத்தார்.

"ஒங்களுக்கு ஒண்ணு தெரியுமா, ஒடெசா? நானும் சிரிச்சேன்" என்றார்.

"எப்ப அண்ணே?"

"அன்னிக்கு மண்டபத்துல. மொதல்ல என்னன்னு தெரியல. எல்லாரும் சிரிக்கிறாங்களேன்னு நானும் சிரிச்சேன். யாரோ கெழவன் கால இழுத்துட்டு நடக்குறான், வாயில வார்த்தையே வரல, நல்ல கூத்தா இருக்கேன்னு சிரிச்சேன். அப்புறம் அந்த மொழங்காலத் தடவுச்சு பாருங்க. அட, இது நம்ம காலாச்சேன்னு அப்பத்தான் தெரிஞ்சுது. சிரிச்ச வாய மூடுறதுக்கு எனக்குக் கொஞ்ச நேரம் ஆச்சு."

நான் கீரைக்கட்டைக் கீழே வைத்தேன்.

"அது போகட்டும். என் காலு, என் வாயி. அந்தப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்க பண்ணாததா? பழகுனதுதான். ஆனா எங்கப்பா தலையிலருந்து தொப்பிய எதுக்குக் கழட்டுனா? தொப்பியக் கையில புடிச்சுக்கிட்டு 'ஐயா, ஐயா'ன்னு குனிய வெச்சாளே. கழுதை எட்டி ஒதைச்சு அவரு ஆத்துல விழற மாதிரி வெச்சாளே. எங்கப்பா சபையிலயும் சாவு வீட்டுலயும் தவிர எங்கயும் தொப்பியக் கழட்டுனதில்ல. அதுக்காக அவரு பட்ட அடி எனக்குத் தெரியும். நான் அவகிட்டச் சொன்னது அந்தத் தொப்பிக்காகத்தான். கழுதைக்காக இல்ல."

உன் கடிதத்தைப் பற்றிக் கேட்டேன். "வந்துச்சு. படிச்சேன். நல்லா எழுதியிருக்கு. அவ எதச் செஞ்சாலும் நல்லாத்தான் செய்வா" என்றார். பிறகு கீரையில் பூச்சி அரித்த இலைகளைப் பிய்க்க ஆரம்பித்தார். சனிக்கிழமைக்கு அவர் வரவில்லை. நாற்காலிகளை நானும் பார்னெலும் போட்டோம்.

நீ இன்னும் அந்தக் கதையைச் சொல்கிறாயா? இதற்கு மட்டும் பதில் எழுது.

ஒடெசா

*

மன்ரோ, கென்டக்கி
12 நவம்பர் 1984

அக்கா,

சொன்னேன். உன் கடிதம் வந்த பிறகும் சொன்னேன்.

உன் கடிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டுதான் அடுத்த ஊரில் மேடையேறினேன். வேறு கதை ஆரம்பித்தேன், பாட்டும் பாடினேன். மழை, பாதி நாற்காலி காலி, ஒருவர் கடிகாரத்தைப் பார்த்தார். நான் காலை இழுத்தேன். இதைவிட எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. ஒரு மனிதரின் அப்பாவைக் குனியவைத்தோம் என்று தெரிந்த பிறகும், கடிகாரத்தைப் பார்த்த ஒருத்தனுக்காக மறுபடி குனியவைத்தேன். சிரித்தார்கள். இறங்கி வந்து குளியலறையில் உட்கார்ந்திருந்தேன். அழுகைகூட வரவில்லை. என்னை எனக்கே அருவருப்பாக இருந்தது.

நிறுத்தியது போன வியாழக்கிழமை. நானாக நிறுத்தவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். ஒரு பள்ளிக்கூடத்தின் சாப்பாட்டுக் கூடத்தில் நிகழ்ச்சி. பிள்ளைகள் எல்லாம் வெள்ளைப் பிள்ளைகள். சமையலறை வாசலில் நம் பெண் ஒருத்தி, உன் வயதுதான் இருக்கும், ஏப்ரனில் கையைத் துடைத்தபடி நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். நான் கூப்பிட்டபோது சின்னக் குரலில் "ம்ம், சொல்லு" என்றாள். எனக்காக அவள் முகம் மலர்ந்திருந்தது. நான் கழுதைக் கதைக்கு வந்தேன். காலை இழுத்தேன். அவள் என்னைப் பார்த்தாள், அந்தப் பிள்ளைகள் சிரிப்பதைப் பார்த்தாள், திரும்பி உள்ளே போய்விட்டாள். பிறகு பாத்திரம் கழுவுகிற சத்தம் கேட்டது. வேண்டிய அளவைவிடக் கொஞ்சம் பலமாகவே கேட்டது.

அதற்கு மேல் என் வாயில் ஒன்றும் வரவில்லை. நின்றுவிட்டேன். விட்லாக் ஓடி வந்து, "மிஸ் டிப்ஸுக்கு உடம்பு சரியில்ல" என்று சொல்லி எல்லோரையும் கைதட்டச் சொன்னார். அக்கா, நான் அதற்கும் தலையாட்டினேன். உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது என்று சொல்லத் துணிவில்லை. அந்தப் பெண்ணிடம் போய் ஒரு வார்த்தை பேசவும் துணிவில்லை. பின்கதவு வழியாகக் காருக்குப் போனேன்.

மறுநாள் விட்லாக்கிடம் இனி வரமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். "ஒங்களுக்கு இவ்வளவு நல்ல காலம் வந்திருக்கு, என்னம்மா இது?" என்றார். அவர் மேல் பழி போட எனக்கு ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் துணியைத்தான் அவர் கொடுத்தார். கால் நான் கொண்டுபோனது.

நன்றி கூறும் நாளுக்கு ஊருக்கு வருகிறேன். 24ஆம் தேதி சனிக்கிழமை கீழ்த்தளத்துக்கு வந்து, எல்லோர் முன்னாலும், அவர் முன்னாலும் நின்று நான் செய்ததைச் சொல்கிறேன். அவர் என்ன சொன்னாலும் கேட்டுக்கொள்கிறேன். அவரை எப்படியாவது வரவழை. உன் காலில் விழுந்து கேட்கிறேன்.

உன்,
மார்வெல்லா

*

கேரி
18 நவம்பர் 1984

என் கண்ணு,

உன் கடிதத்தைப் படித்தேன். மறுபடியும் செய்ததை ஒளிக்காமல் எழுதினாயே, அதற்காகத்தான் மேலே "என் கண்ணு" என்று எழுதினேன். இப்போது எழுதப்போவதைத் தாங்கிக்கொள்.

நீ வருகிறாய் என்று ஆம்ப்ரோஸ் அண்ணனிடம் போய்ச் சொன்னேன். வாசற்படியில் உட்காரவைத்துக் காபி கொடுத்தார்.

"வரட்டும். அது அவ உண்டாக்குன எடம். அவ வரக்கூடாதுன்னு சொல்ல நான் யாரு?" என்றார்.

"நீங்களும் வருவீங்களா அண்ணே?"

"அவ வர்ற அன்னிக்கு நான் வரல. சண்டை ஒண்ணும் இல்ல, ஒடெசா. மன்னிக்கணுமா, மன்னிச்சுட்டேன், கர்த்தர் சாட்சி. ஆனா அவ உக்காந்திருக்கையில என் வாயி தொறக்காது. நான் பேசப் பேச, இவ இத எங்க கொண்டுபோயி செய்வாளோன்னு என் கண்ணு அவமேலேயே கெடக்கும். எனக்கு இன்னும் எத்தன வருசம் இருக்கு? பேசாமலே நெறையக் கழிச்சுட்டேன்."

"அவ எல்லார் முன்னாலயும் மன்னிப்புக் கேக்கணும்னு சொல்றா."

"அதையும் அவ நல்லாத்தான் செய்வா. எல்லாரும் அழுவாங்க. அப்புறம் நான் எந்திரிச்சுப் போயிக் கட்டிப் புடிக்கணும். எனக்கு முடியல தாயி."

மார்வெல்லா, அந்தக் கூட்டத்தை நீதான் உண்டாக்கினாய். வேலை போன ஆண்கள் வீட்டில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தபோது, கதவு கதவாகத் தட்டி, "உங்களுக்குத் தெரிஞ்ச ஒரு பொய்க்கதையாவது வந்து சொல்லுங்க" என்று இழுத்து வந்தவள் நீ. எதற்காக இழுத்து வந்தாய்? அவரைப் போன்றவர்களுக்காகத்தானே? உன்னை உள்ளே வைத்து அவரை வெளியே விட்டால் நீ உண்டாக்கினது என்னத்துக்கு? இதை ஊரார் யாரும் முடிவு செய்யவில்லை. பாஸ்டரிடம்கூட நான் கேட்கவில்லை. நான் முடிவு செய்தேன். நீ கோபப்படுவதானால் என்மேல் படு.

சனிக்கிழமை வராதே. அந்தச் சனிக்கிழமை மட்டும் இல்லை. வியாழக்கிழமை, நன்றி கூறும் நாளன்று, என் வீட்டுச் சாப்பாட்டு மேசைக்கு வா, வெள்ளிக்கிழமையும் இரு. எந்தக் காலத்திலும் வா. சனிக்கிழமைகளை மட்டும் அவருக்கு விட்டுக்கொடு.

நேற்று நீ இங்கே இருக்க மாட்டாய் என்று அவருக்குச் சொல்லியிருந்ததால் வந்தார். கழுதைக் கதையை மறுபடி முதலிலிருந்து சொன்னார். தொப்பியைப் பற்றி இந்தத் தடவை நிறையச் சொன்னார், யாரும் சிரிக்கவில்லை. அதற்கப்புறம் புதிதாக ஒரு கதை, அவர் அம்மாவைப் பற்றி. அம்மம்மா, என்ன கதை அது! ரீட்டா அம்மாளின் கைப்பை மடியிலேயே கிடந்தது. அடுத்த கடிதத்தில் ஒரு வார்த்தை விடாமல் உனக்கு எழுதுகிறேன். நீ கேட்டால் உருகிவிடுவாய்.

அன்புடன்,
ஒடெசா அக்கா

*

ஃபோர்ட் வெய்ன், இண்டியானா
2 டிசம்பர் 1984

அன்புள்ள ஒடெசா அக்காவுக்கு,

நன்றி கூறும் நாளுக்கு நான் வரவில்லை என்று வான்கோழியை வைத்துக்கொண்டு வாசலைப் பார்த்திருப்பாய். மன்னித்துக்கொள். வியாழன் வந்தால் சனிக்கிழமைவரை இருந்துவிடுவேன் என்று பயந்தேன். இருந்தால் கீழ்த்தளத்தின் படிவரைக்கும் போய் நிற்பேன். நின்றால் காது கொடுப்பேன். என்னை எனக்குத் தெரியும்.

உன்னைத் திட்டினேன், அதையும் சொல்லிவிடுகிறேன். கடிதம் வந்த அன்று அறையில் நடந்துகொண்டே உரக்கத் திட்டினேன். "நான் தட்டின கதவு, நான் இழுத்து வந்த ஆள்" என்று எல்லாக் கணக்கும் பேசினேன். பக்கத்து அறைக்காரி சுவரைத் தட்டினாள். மறுநாள் மறுபடியும் உன் கடிதத்தைப் படித்தேன். "அதையும் அவ நல்லாத்தான் செய்வா" என்ற இடத்தில் நின்றுபோனேன். ஏனென்றால், அக்கா, நான் அதை ஒத்திகை பார்த்து வைத்திருந்தேன். எங்கே நிறுத்துவது, எங்கே குரல் தழுதழுக்க வேண்டும், எந்த இடத்தில் அவர் பெயரைச் சொல்வது, எல்லாம். ஓட்டல் கண்ணாடி முன்னால் நின்று பார்த்து வைத்திருந்தேன். அவர் என்னை எவ்வளவு நன்றாகக் கவனித்திருக்கிறார்!

இங்கே ஓர் ஆரம்பப் பள்ளியில் லீவு போடுகிற ஆசிரியர்களுக்குப் பதிலாகப் போய் நிற்கிறேன். கணக்குப் பாடம்தான் அதிகம் கிடைக்கிறது. பிள்ளைகள் கதை கேட்டால், கணக்கை முடியுங்கள் என்கிறேன். என்றைக்காவது சொல்வேனாக இருக்கும். இப்போது இல்லை. சாப்பாடு பரவாயில்லை. நீ சொன்னது சரி, பீன்ஸை நம்பக்கூடாது.

சனிக்கிழமைகள் அவருடையவை. நான் வரமாட்டேன். நான் சொன்னதாக அவரிடம் சொல்ல வேண்டாம். சொன்னால் அதற்கும் அவர் நன்றி சொல்ல வேண்டியிருக்கும்.

உன்னிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். அவர் அம்மாவின் கதையை எனக்கு எழுதாதே.

உன் கடிதம் வந்ததிலிருந்து அது என்ன கதையாக இருக்கும் என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். பஸ்ஸில் போகும்போதும் நினைக்கிறேன், கரும்பலகையில் கூட்டல் போடும்போதும் நினைக்கிறேன். கேட்க எவ்வளவு ஆசையாக இருக்கிறது தெரியுமா? ஆனால் நீ ஒரு தரம் எழுதினால் போதும், எனக்கு வரி வரியாக மனதில் பதிந்துவிடும். பதிந்தது ஒரு நாள் வாய்க்கு வரும். குளிர்ந்துபோன ஏதோ ஓர் ஊரில், யாரோ ஒருத்தன் கடிகாரத்தைப் பார்க்கும்போது வரும். அப்போது நான் என்ன செய்வேன் என்று இன்றைக்கு என்னால் சத்தியம் செய்து சொல்ல முடியவில்லை.

அந்த அம்மாவின் பெயரைக்கூட எழுதாதே, அக்கா.

உன்,
மார்வெல்லா